பார்க்காதவர்களின் பிராட்வே

1964 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் மெஜஸ்டிக் தியேட்டரில் 'எனிஒன் கேன் விசில்' என்ற இசைநாடகம் அரங்கேறியது. பாட்டும் இசையும் ஸ்டீபன் சோண்ட்ஹைம். மேடையில் ஆஞ்செலா லான்ஸ்பரி, லீ ரெமிக். ஒன்பது ஆட்டத்தோடு மூட்டை கட்டிவிட்டார்கள். மூடிய மறுநாளே அந்த நடிகர்களை ஸ்டுடியோவுக்கு வரவழைத்துப் பாட்டுகளைப் பதிவுசெய்தது கொலம்பியா ரெக்கார்டு கம்பெனி. ஓடாத நாடகத்தின் ரெக்கார்டை யார் வாங்குவார்கள் என்று கணக்குப் பார்க்கிறவர் கேட்டிருப்பார். கம்பெனியின் தலைவர் காடர்ட் லீபர்சன் கேட்கவில்லை. அவரும் இசையமைப்பாளர்தான். அந்த ஒரு தட்டு இல்லையென்றால் அந்த நாடகம் இன்று ஒரு தகவலாக மட்டுமே மிஞ்சியிருக்கும். தட்டு இருந்ததால் அதற்கு ரசிகர்கள் உண்டானார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடகத்தைப் பார்த்ததே இல்லை.

இசைநாடக ரசிகர் என்றதும் முதல் வரிசை டிக்கெட், மின்னும் மேடை, எழுந்து நின்று கைதட்டும் கூட்டம் என்றுதான் எழுதுகிறார்கள். அதுவும் உண்டு. 1996இல் 'ரென்ட்' வந்தபோது, முதல் இரண்டு வரிசைக்கான 20 டாலர் டிக்கெட்டுக்காக நெடர்லாண்டர் தியேட்டர் வாசலில் இளைஞர்கள் இரவெல்லாம் படுத்துக்கிடந்தார்கள். ஆனால் பிராட்வே என்பது மன்ஹாட்டனின் சில தெருக்களுக்குள் அடங்கும் நாற்பத்துச் சொச்சம் அரங்குகள். அங்கே போய்ச் சேர முடியாதவர்கள்தான் இந்த ரசிகர் கூட்டத்தில் பெரும்பான்மை. தட்டில் கேட்டார்கள், உறையில் அச்சிட்டிருந்த கதைச்சுருக்கத்தைப் படித்தார்கள், மீதியைத் தாங்களே கற்பனை செய்துகொண்டார்கள். பல வருஷம் கழித்துப் படம் வந்தபோது, தங்கள் மனசில் ஓடிய நாடகத்தோடு அதை ஒப்பிட்டுச் சண்டைக்கு நின்றார்கள். கண்ணில் படாததைக் காதில் வைத்துக் காப்பாற்றுவது என்பதே இந்த ரசனையின் அடிப்படை என்று நினைக்கிறேன். இதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் நல்லது எது, சுமார் எது என்பதையும் அந்த அளவுகோலால்தான் பார்க்கிறேன்.

லண்டனில் அதற்கு முன்பே சில முயற்சிகள் நடந்திருந்தாலும், மேடையில் பாடியவர்களையே வைத்து நாடகப் பாட்டுகளைத் தட்டாக்கும் பழக்கத்தை அமெரிக்காவில் ஊன்றியது 'ஓக்லஹோமா!' தான். 1943 மார்ச் 31 அன்று அது தொடங்கியபோது இசைக்கலைஞர் சங்கம் ரெக்கார்டு கம்பெனிகளை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இருந்தது. செப்டம்பரில் முதலில் சமரசத்துக்கு வந்த பெரிய கம்பெனி டெக்கா. அதன் தலைவர் ஜாக் காப் மேடையில் பாடியவர்களையே, அதே வாத்தியக் குழுவோடு பதிவுசெய்து, ஆறு தட்டுகள் கொண்ட ஆல்பமாக வருஷக் கடைசியில் வெளியிட்டார். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம்தான். பாட்டு நடுவே எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்ட காலம் அது. 1948இல் கொலம்பியா நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. அடுத்த வருஷம் வந்த 'சவுத் பசிபிக்' ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 69 வாரம் முதலிடத்தில் இருந்தது. 1956இல் 'மை ஃபேர் லேடி'க்கு முழு முதலீடும் கொலம்பியாவின் தாய்க் கம்பெனியான சி.பி.எஸ். போட்டது. அதாவது, ரெக்கார்டுக்காக நாடகம் என்ற நிலைமை.

அந்தத் தட்டுகள் எப்படி உருவாயின என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு டி.ஏ. பென்னிபேக்கர் 1970இல் எடுத்த ஆவணப்படம் ஒன்று இருக்கிறது. சோண்ட்ஹைமின் 'கம்பெனி' நாடகப் பாட்டுகளைப் பதிவுசெய்வதுதான் கதை. இடம், மன்ஹாட்டன் 30ஆம் தெருவில் ஒரு பழைய தேவாலயத்தை மாற்றி கொலம்பியா வைத்திருந்த ஸ்டுடியோ. காலையில் தொடங்கிய வேலை நள்ளிரவைத் தாண்டிப் போகிறது. கடைசியாக எலைன் ஸ்ட்ரிச்சின் முறை. குடித்துக் கசந்துபோன ஒரு நடுத்தர வயதுப் பணக்காரியின் பாட்டு. தொண்டை ஒத்துழைக்கவில்லை. மறுபடி, மறுபடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சோண்ட்ஹைமும் தயாரிப்பாளர் தாமஸ் ஷெப்பர்டும் எதுவும் சொல்லாமல் முகத்தைச் சுருக்குகிறார்கள். தன் குரலைத் திருப்பிப் போட்டுக் கேட்டு, தன்னையே திட்டிக் கத்துகிறார் ஸ்ட்ரிச். விடியப்போகிற நேரத்தில் வாத்திய இசையை மட்டும் எடுத்துக்கொண்டு அனைவரையும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பிறகொரு நாள் தலை வாரி, மேக்கப் போட்டு வந்து நின்று ஒரே வீச்சில் பாடிவிடுகிறார். ரசிகர்கள் கேட்பது இந்த இரண்டாவது நாளை. முதல் இரவைப் பார்த்தபிறகு அந்தப் பாட்டு வேறு மாதிரிக் கேட்கிறது. ஐம்பத்துச் சொச்சம் நிமிஷப் படம். இந்தத் துறையின் பல புத்தகங்கள் சொல்லாததைச் சொல்லிவிடுகிறது.

புத்தகங்கள் என்றால், கல்விப்புலம் இசைப்படத்தைக் கண்ணெடுத்துப் பார்த்தது 1970களின் பின்பாதியில்தான். ரிச்சர்டு டயர் 1977இல் எழுதிய 'பொழுதுபோக்கும் கனவுலகும்' என்ற கட்டுரை இன்றும் பழசாகவில்லை. இசைப்படம் நல்ல உலகத்தை எப்படி அமைப்பது என்று சொல்வதில்லை. அப்படி ஒரு உலகில் இருந்தால் எப்படி இருக்கும் என்ற உணர்ச்சியை மட்டும் தருகிறது என்றார். பற்றாக்குறைக்குப் பதில் தாராளம், களைப்புக்குப் பதில் துடிப்பு. ஜேன் ஃபாயரின் 1982 புத்தகம் இதைவிடக் கூர்மையானது. இசைப்படம் தன் இயந்திரத்தைத் தானே திறந்து காட்டிவிட்டு உடனே அதை மறக்கடித்துவிடும் என்பது அவர் வாதம். 'சிங்கிங் இன் த ரெய்ன்' (1952) படத்தில் ஜீன் கெல்லி காலியான படப்பிடிப்புத் தளத்தில் விளக்கைப் போட்டு, காற்று மெஷினை ஓடவிட்டு, அதன் பிறகு காதலைப் பாடுவார். எல்லாம் செட்டு என்று தெரிந்தும் நாம் உருகுகிறோம். ரிக் ஆல்ட்மன் (1987) இசைப்படங்களை வகை பிரித்துத் தந்தார். உபயோகமான நூல், ஆனால் பாட்டுக் கேட்கிற சத்தமே அதில் வராது.

தொண்ணூறுகளின் இறுதியில் வந்த டி.ஏ. மில்லரின் 'பிளேஸ் ஃபார் அஸ்' (1998) ஆராய்ச்சிப் பேராசிரியர் ஒருவர் ரசிகராகவே எழுதிய நூல். 1950களின் அமெரிக்க வீட்டு நிலவறையில், கதவைச் சாத்திக்கொண்டு ரெக்கார்டுக்கு வாயசைத்து ஆடும் பையன்தான் அதன் நாயகன். தன்பால் விருப்பத்தை வெளியே சொல்ல முடியாத காலத்தில் அந்தத் தட்டுகள் அவனுக்கு என்னவாக இருந்தன என்பதை இவ்வளவு அருகில் நின்று சொன்னவர் வேறில்லை. நான்கு வருஷம் கழித்து ஸ்டேசி வுல்ஃப் 'எ ப்ராப்ளம் லைக் மரியா' நூலில், மேரி மார்ட்டின், எதெல் மெர்மன், ஜூலி ஆண்ட்ரூஸ், பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் ஆகியோரைப் பெண்கள் எப்படி ரசித்தார்கள் என்று எழுதி, மில்லர் விட்ட இடத்தை நிரப்பினார். இந்த இரண்டு பேரும் அளவுகோலில் தேறுகிறார்கள். இருவரும் பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரை மறக்கவில்லை.

ரசிகர்கள் தாங்களே நடத்திய ஆராய்ச்சி இதற்கெல்லாம் முந்தியது, அது பெரும்பாலும் 'யார் பாடியது?' என்ற கேள்விதான். 'த கிங் அண்ட் ஐ' (1956) படத்தில் டெபரா கெர்ருக்கும், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' (1961) படத்தில் நட்டலி வுட்டுக்கும், 'மை ஃபேர் லேடி' (1964) படத்தில் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் பாடியவர் ஒருவரே: மார்னி நிக்ஸன். திரையில் அவர் பெயர் கிடையாது. முதல் படத்தின் பாட்டுத் தட்டுக்கு அவருக்குக் கிடைத்தது 420 டாலர். நட்டலி வுட்டோ தன் குரலே வரப்போகிறது என்று நம்பித் தானும் பாடிக் கொடுத்திருந்தார். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' தட்டு விற்பனையில் நிக்ஸனுக்குப் பங்கு தர யாரும் முன்வராதபோது, இசையமைப்பாளர் லெனர்டு பெர்ன்ஸ்டைன் தன் ராயல்டியிலிருந்து கால் சதவீதத்தை விட்டுக்கொடுத்தார். நிக்ஸனின் முகத்தைத் திரையில் காட்டியது 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' (1965), அதில் அவர் கன்னியாஸ்திரீகளில் ஒருவர்.

இரவல் குரலையே கதையாக வைத்த 'சிங்கிங் இன் த ரெய்ன்' படத்தின் கதை இன்னும் சுவாரசியம். கதைப்படி, கீச்சுக்குரல் நட்சத்திரமான ஜீன் ஹேகனுக்கு டெபி ரெனால்ட்ஸ் குரல் கொடுக்கிறார். நிஜத்தில் அந்த வசனத்தைப் பேசியது ஜீன் ஹேகனேதான், தன் இயல்பான குரலில். ரெனால்ட்ஸ் பாடுவதாகக் காட்டும் ஒரு பாட்டைப் பாடியவர் பெட்டி நோய்ஸ். திருடனைப் பிடிக்கிற கதைக்குள் இன்னொரு திருட்டு.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு கேள்வி எழும்: இதையெல்லாம் ஏன் மறைக்க வேண்டும்? நம்மூர் ரேடியோவில் படத்தின் பெயரோடு டி.எம்.எஸ்., சுசீலா என்று பாடியவர் பெயரும் சேர்ந்துதான் வரும். எம்.ஜி.ஆர். வாயசைப்பது டி.எம்.எஸ். குரலுக்கு என்று தெரிந்திருந்ததால் யாருடைய விசிலும் குறையவில்லை. முன்கூட்டியே பாட்டைப் பதிவுசெய்து பிறகு வாயசைக்கும் முறை ஹாலிவுட்டில் 1929இல் 'த பிராட்வே மெலடி' எடுத்தபோதே வந்துவிட்டது. தொழில்நுட்பம் இரண்டு ஊரிலும் ஒன்று. அங்கே அது கம்பெனி ரகசியம், இங்கே அது தனி நட்சத்திரப் பதவி. இந்த ஒப்பீட்டை ஆங்கிலத்தில் எழுதும் இசைப்பட ஆய்வாளர்கள் இன்னும் ஆழமாகச் செய்திருக்கலாம்.

வெட்டியெறிந்ததைத் தேடுவது ரசிகரின் இன்னொரு வேலை. ஜூடி கார்லண்ட் நடித்த 'எ ஸ்டார் இஸ் பார்ன்' 1954இல் 181 நிமிஷமாக வெளிவந்தது. ஒரு நாளில் இன்னும் அதிகக் காட்சி ஓட்ட வேண்டும் என்று தியேட்டர்காரர்கள் நெருக்க, வார்னர் கம்பெனி 27 நிமிஷத்தைக் கத்தரித்தது. இரண்டு பாட்டும் அதில் போயிற்று. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி கலை அருங்காட்சியகத்தில் படப் பிரிவை நடத்திய ரொனால்டு ஹேவர் ஸ்டுடியோக் கிடங்குகளில் புகுந்து தேடினார். முழு ஒலித்தடம் கிடைத்தது. படத்தில் கொஞ்சம் கிடைத்தது. கிடைக்காத இடங்களில் ஒலி ஓட, அதற்கு மேல் பழைய புகைப்படங்களை வைத்து 176 நிமிஷத்துக்குக் கொண்டுவந்தார். 1983 ஜூலையில் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் திரையிட்டார்கள். அசையும் படம் திடீரென்று புகைப்படமாக நின்றுவிட, குரல் மட்டும் போய்க்கொண்டே இருக்கும் அந்த இடங்கள் சிலருக்கு உறுத்தும். எனக்கு அதுதான் படத்தின் நேர்மையான பகுதி. வெட்டு விழுந்த இடத்தை ஒட்டுப்போட்டு மறைக்கவில்லை. ஹேவர் 1988இல் எழுதிய புத்தகம் ஒரு துப்பறியும் கதை போல ஓடுகிறது.

1982இல் நியூஜெர்சியின் செக்காகஸ் ஊரில் வார்னர் இசைப்பதிப்பகத்தின் கிடங்கிலிருந்து பெட்டி பெட்டியாகக் கையெழுத்துப் பிரதிகள் கிடைத்தன. கெர்ஷ்வின், கெர்ன், போர்ட்டர் என்று பெரிய இசையமைப்பாளர்கள் எல்லாம் தூசிக்கடியில். நடத்துநர் ஜான் மெக்ளின் 1988இல் 'ஷோ போட்' நாடகத்தை, நீக்கிய பாட்டுகளையும் சேர்த்து மூன்று சி.டி.யில் பதிவுசெய்தார். வெற்றி பெற்றவை இப்படி மீண்டன. தோற்றவற்றுக்குத் தனி வரலாறு எழுதியவர் கென் மேண்டல்பாம். அவருடைய 'நாட் சின்ஸ் கேரி' (1991) நாற்பது வருஷத்துத் தோல்வி நாடகங்களைப் பற்றியது. தலைப்பில் உள்ள 'கேரி' 1988இல் அதிகாரபூர்வமாக ஐந்தே ஆட்டம் ஓடியது. ரெக்கார்டும் வரவில்லை. பார்வையாளர்கள் திருட்டுத்தனமாகப் பதிவுசெய்த டேப்புகள் கைமாறிக் கைமாறி அதை உயிரோடு வைத்திருந்தன. சட்டப்படி தப்புதான். ஆனால் அந்தத் தப்பைச் செய்தவர்கள் இல்லாமல் அதன் வரலாற்றை எழுதியிருக்க முடியாது.

கேட்டுக்கொண்டிருந்தவர் பாடத் தொடங்கினால்? 1999இல் லண்டனில், முதலில் தன்பாலினர் திரைப்பட விழாவிலும் பிறகு பிரின்ஸ் சார்லஸ் தியேட்டரிலும், 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தைச் சேர்ந்து பாடும் காட்சியாக நடத்தினார்கள். கன்னியாஸ்திரீயாக, ஆட்டுக்குட்டியாக, காகிதம் சுற்றிய பொட்டலமாகக்கூட வேஷம் போட்டு வந்தார்கள். 2024 நவம்பரில் 'விக்கெட்' நாடகம் படமாக வந்தபோது இது சண்டையாகவே வெடித்தது. பாடக் கூடாது என்று தியேட்டர்கள் சொல்ல, டிக்கெட் வாங்கியாயிற்று பாடத்தான் செய்வோம் என்று ஒரு கட்சி. டிசம்பர் 25 முதல் சேர்ந்து பாடத் தனிக் காட்சிகள் விட்டுத் தப்பித்தார்கள். நான் வாயை மூடும் கட்சி. இருபது வருஷமாகத் தட்டில் மனப்பாடம் செய்தவர் முதல் காட்சியில் பாடுவது, தன் மனசில் இருக்கும் ஆல்பத்தைப் படத்தின் மேல் ஓட்டிவிடுவதுதான். அதைத் தனி ஆட்டத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

வேடிக்கை என்னவென்றால், இதே வருஷங்களில் ஸ்டுடியோக்கள் இசைப்படத்தை இசைப்படம் என்று சொல்லவே கூச்சப்பட்டன. 'வோங்கா', 'த கலர் பர்ப்பிள்' (2023), 'மீன் கேர்ள்ஸ்' (2024) ஆகியவற்றின் டிரெய்லர்களில் பாட்டை முடிந்தவரை ஒளித்து வைத்தார்கள். முன்பு பாடியவரை மறைத்தவர்கள் இப்போது பாட்டையே மறைக்கிறார்கள்.

சோண்ட்ஹைமின் 'மெரிலி வீ ரோல் அலாங்' 1981இல் பதினாறு ஆட்டத்தோடு மூடியது. அதையும் மறுநாள் பதிவுசெய்தார்கள். தயாரித்தவர் அந்த 'கம்பெனி' ஷெப்பர்டுதான். அந்தத் தட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் அதை விடவில்லை. 2023இல் பிராட்வேக்குத் திரும்பிய நாடகம் அடுத்த வருஷம் சிறந்த மறு அரங்கேற்றத்துக்கான டோனி விருதை வாங்கியது. கதை இருபது வருஷத்தைப் பின்னோக்கிச் சொல்வது. அதனால் நடிகர்களுக்கு நிஜமாகவே வயதாகட்டும் என்று, இருபது வருஷம் எடுத்துக்கொள்ளும் படமாக இதைத் திட்டமிட்டிருப்பதாக 2019இல் இயக்குநர் ரிச்சர்டு லிங்க்லேட்டர் அறிவித்தார். சோண்ட்ஹைம் 2021இல் இறந்துவிட்டார். படம் முடிய இன்னும் பல வருஷம் இருக்கிறது. பார்க்கப் போகிறவர்களுக்கோ பாட்டெல்லாம் வரி பிசகாமல் இப்போதே மனப்பாடம், எந்த இடத்தில் குறை சொல்லப்போகிறோம் என்பது உட்பட.