கருப்பொருளும் மண்ணுயிரும்: குறுந்தொகைப் பாட்டொன்றை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்து உணர்த்தினார் தொல்காப்பியனார். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் முதலியன கருப்பொருள். நம்பியகப்பொருள் கருப்பொருளைப் பதினான்காக விரித்துரைக்கும். இவ்விரு நூல்களின் பட்டியலிலும் மரம் உண்டு. மண்ணினுள் வாழும் உயிர் இல்லை. கண்ணுக்குப் புலனாகாத அவ்வுயிர்களை இலக்கண நூலார் கூறாமை குறையன்று. ஆயினும், அண்மைக் காலத்துக் கட்டுரையாளர் சிலர், திணைக் கோட்பாடே மண்ணுயிரியல் என்றும், சங்கச் சான்றோர் அவ்வறிவு முழுதும் உடையராய்ப் பாடினர் என்றும் கூறத் தலைப்பட்டுள்ளனர். இக்கூற்று ஏற்புடையதா என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அறிவியலார் கண்டவற்றைத் தொகுத்துக் காண்போம். 1885இல் பிராங்க் என்னும் செருமானிய அறிஞர், மரவேரும் பூஞ்சையும் ஒன்றி வாழும் உறுப்பினை ஆராய்ந்து, அதற்கு வேர்ப்பூஞ்சை எனப் பொருள்படும் பெயரை இட்டார். ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1886இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். கூலப் பயிர் இட்ட தழைச்சத்தின் அளவிற்கே வளர்கின்றது. பட்டாணியோ, நுண்ணுயிர் உள்ள மண்ணின் சாற்றைப் பெற்றால், தழைச்சத்து இடாவிடத்தும் செழிக்கின்றது. பட்டாணி வேரின் முண்டுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிர்க்கு உணவாக்கித் தருதலே இதற்குக் காரணம். அப்பாக்டீரியாவை 1888இல் பெய்யெரிங்க் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். வேரினைச் சூழ்ந்த மண் தனியொரு வாழிடம் என்பதனை 1904இல் ஹில்ட்னர் நிறுவினார்.

நுண்ணுயிர் யாண்டும் நட்பே செய்யும் என எண்ணுதல் பொருந்தாது. ஹாலந்து நாட்டுக் கடற்கரை மணல்மேடுகளில் வான் டெர் புட்டனும் அவர்தம் துணைவரும் ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட முடிவு இதற்குச் சான்று. அம்மேடுகளில் முதற்கண் வேரூன்றுவது மாரம் என்னும் புல். புதுமணல் வந்து மூடுங்காறும் அது தழைக்கும். மணல் பெயர்தல் நின்றபின், வேரைத் தாக்கும் பூஞ்சையும் நூற்புழுவும் அம்மண்ணில் பெருகும். மாரம்புல் மெலியும், அத்தாக்குதலைத் தாங்கவல்ல பிற புற்கள் அவ்விடத்தைக் கைக்கொள்ளும். மண் செடியை உருவாக்குவது போலவே செடியும் மண்ணை உருவாக்குகின்றது. அங்ஙனம் மாறிய மண், அடுத்து வாழத்தக்க செடி இன்னது என வரையறுக்கின்றது. இதுவே இத்துறையின் நடுநாயகமான கருத்து எனலாம்.

இவ்வுண்மை, நிலத்தை முதல் என்றும் மரத்தைக் கரு என்றும் வைத்த முறையைத் தகர்க்குமோ என ஐயுறுவார் உளர். தகர்க்காது என்பதே எம் துணிபு. முதல், கரு, உரி என்னும் மூன்றும் ஒன்றினொன்று சிறந்து வரும் முறைமையைப் பாடலுள் பயின்றவற்றை நோக்கியே தொல்காப்பியனார் கூறுகின்றார். அவர் வகுத்தது பாட்டின் ஒழுங்கு. இயற்கையின் தோற்ற வரலாறு அன்று. ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்தில் வந்து பொருந்துதலையும் அவர் உடன்படுகின்றார். இயற்கையின் பாகுபாட்டையே அவர் எழுதினாராயின் இவ்விலக்கிற்கு இடமிராது. அவர் நூலை அறிவியல் கொண்டு மெய்ப்பித்தலும் வேண்டா, பொய்ப்பித்தலும் வேண்டா.

இனி, இக்கருத்தை ஒரு பாட்டில் வைத்துக் காண்போம். குறுந்தொகை 82ஆம் பாட்டு, வாராத தலைவனை எண்ணி வருந்தும் தலைவி தோழியிடம் கூறுவது. முன்பு தன் கூந்தலை நீவி, அழாதே எனக் கண்ணீர் துடைத்தவர், பனிப்பருவம் வந்தும் வந்திலரே என்பது அவள் துயரம். அப்பருவத்திற்கு அடையாளமாக வருவது, குறவனது பெரும்புனத்தில் கதிர் கொய்த தினையின் தாளில் அவரைக்கொடி பூத்திருக்கும் காட்சி.

தினைக்குப் பின் அவரை வளர்த்த முறையில், அவரை வேரின் நுண்ணுயிர் தழைச்சத்து ஈட்டும் உண்மையைப் புலவர் அறிவித்தார் என்பது மேற்கூறிய கட்டுரையாளர் போக்கிற்கு ஒத்த உரையாகும். அவரையின் வேர்முண்டில் அத்தகைய பாக்டீரியா வாழ்தல் உண்மையே. தழைச்சத்து மிக்க மண்ணில் முண்டு தோன்றுதல் தடைப்படும் என்பதும், கூலப்பயிர் உண்டு குறைத்த மண்ணில் அவரையினம் வாழவல்லது என்பதும் உண்மையே. ஆயினும் புலவர் காட்டுவது தாளும் கொடியும் பூவும் மட்டுமே. வேரைப்பற்றி ஒரு சொல்லும் பாட்டில் இல்லை. குறவர் தம் பட்டறிவால் இம்முறையைக் கைக்கொண்டிருத்தல் கூடும்; பயன் அறிதல் வேறு, காரணம் அறிதல் வேறு. காட்சியைக் காரண அறிவாகக் கொள்ளுதல் உரையாசிரியர்க்கு ஒவ்வாத செயல்.

அவ்வாறாயின் இவ்வறிவியல் பாட்டினைக் கற்பார்க்குப் பயன்படாதோ எனின், பயன்படும். குறிஞ்சி மரபில் தினைப்புனங் காவல் களவுக்கு வாய்ப்பான காலம். கதிர் கொய்தபின் தலைவி இற்செறிக்கப்படுதலும் மரபு. இதனை நினைந்து படிப்பின், கொய்த தாள் என்பது முடிந்துபோன கூட்டத்தின் எச்சமாகத் தோன்றும். கதிர் இழந்த தாளோ வறிதே நிற்கவில்லை. பிறிதோர் உயிர் அதனைப் பற்றிப் படர்ந்து பூக்கின்றது. புனம் தன் இழப்பை மற்றொரு பயிரால் ஈடுசெய்து கொள்கின்றது. தலைவியின் இழப்பிற்கு ஈடாவார் ஒருவரும் இலர். நிலத்திற்கும் நெஞ்சிற்கும் உள்ள இம்மாறுபாடே பாட்டின் உயிர்நிலை என்பது எம் கருத்து. செடி மாறி மண் வளம் பெறும் செய்தியை அறிந்தவர்க்கு இம்மாறுபாடு மேலும் கூர்மையுறும். அறியாதார்க்கும் பாட்டு நிறைவுடையதே.

அறிவியலார் தம் துறையிலேயே இத்தகைய அடக்கத்தைப் போற்றுதல் ஈண்டு நினைக்கத் தக்கது. 1997இல் சிமார்டும் பிறரும், காட்டில் பூர்ச்ச மரத்திற்கும் டக்ளஸ் பிர் மரத்திற்கும் இடையே கரிமம் பரிமாறப்படுதலை வெளியிட்டனர். அதன்பின், தாய்மரம் பூஞ்சை வலையின் வழியே தன் சேய்க்கு உணவூட்டும் என்னும் கருத்து உலகெங்கும் பரவிற்று. 2023இல் கார்ஸ்ட், ஜோன்ஸ், ஹோக்செமா என்னும் மூவர் அதுவரை வந்த சான்றுகளை மீள ஆராய்ந்து, அக்கருத்திற்குக் காடுகளில் கிடைத்த சான்று போதாது என எழுதினர். அம்மூவருள் ஜோன்ஸ், 1997ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியோருள்ளும் ஒருவர். தாம் பங்கு கொண்ட ஆய்வினின்று கிளைத்த கருத்தாயினும், சான்றின் எல்லை கடந்தவிடத்து மறுத்தல் அறிஞர் கடன் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

தமிழாராய்ச்சியும் அந்நெறியே நிற்றல் வேண்டும். முன்னோர் அறியாதவற்றை அறிந்தார் எனக் கூறுதலால் அவர்தம் பெருமை வளராது. அவர் கண்டு கூறியவற்றின் நுட்பம் நம் கண்ணுக்குப் படாது போகும் இழப்பே மிஞ்சும். அவரைப்பூவில் பாக்டீரியாவைத் தேடுவார், அப்பூவைக் கண்டு கலங்கிய தலைவியைக் காணத் தவறுவர். முதலில் பாட்டு, பின்னரே பிற துறை அறிவு. இம்முறை பிறழாது திணை ஆராய்ச்சி நிகழ்தல் வேண்டும் என்பது எம் விழைவு.