பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது

ஆல்ப்ஸ் மலையில் எடுத்த ஓர் ஈயின் படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்வது, என்னைப் பொறுத்தவரை, இலக்கிய விமர்சனத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற வேலை. இரண்டிலும் பிரதி மட்டும்தான் நம் முன்னால் இருக்கிறது. இரண்டும் கெட்டுப்போவது ஒரே இடத்தில்தான்: பார்த்து முடிப்பதற்குள் பெயர் வாயில் வந்துவிடுகிறது.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். 2,000 மீட்டர் உயரத்தில் ஒரு புல்வெளி. பூவின்மேல் கறுப்பு ரோமமும் செம்பழுப்புப் பின்புறமுமாக ஒரு பூச்சி. யாரைக் கேட்டாலும் பம்பிள் தேனீ என்பார்கள். உற்றுப் பாருங்கள், இறக்கை ஒரு ஜோடிதான். தேனீக்கு இரண்டு ஜோடி உண்டு. ஈக்களுக்குப் பின்னிறக்கை இருக்கவேண்டிய இடத்தில், பறக்கும்போது சமநிலை காக்கிற இரண்டு சின்னக் குமிழ்கள்தான் இருக்கும். தலையின் பெரும்பகுதி கண். உணர்கொம்பு குட்டை, அதிலிருந்து கிளம்பும் இழை இறகு மாதிரி கிளைத்திருக்கிறது. இவ்வளவும் தெரிந்தால் ‘வொலுசெல்லா பாம்பிலன்ஸ்’ என்று தைரியமாகச் சொல்லலாம். இதே இனத்துக்கு மஞ்சள் பட்டையும் வெள்ளைப் பின்புறமும் கொண்ட இன்னொரு வடிவமும் உண்டு, அது வேறொரு பம்பிள் தேனீயின் வேஷம். இதன் புழுக்கள் வளர்வதும் பம்பிள் தேனீக்களின் கூட்டுக்குள்தான். இது சந்தோஷமான படம். கவனித்தவருக்குக் கூலி கிடைத்துவிடுகிறது.

அடுத்த படம் அப்படியில்லை. கறுப்பாக ஒரு ஈ, மேலிருந்து எடுத்தது. இறக்கையின் நடுவே எந்த நரம்போடும் சேராமல் ஒரு பொய் நரம்பு ஓடுகிறது, ஆகவே ஹோவர்ஃப்ளை குடும்பம். கண்கள் இரண்டும் உச்சியில் தொட்டுக்கொள்கின்றன, ஆகவே ஆண். பொதுத் தோற்றம் கைலோசியா பேரினம். அதற்குமேல்? கண்ணில் ரோமம் உண்டா, முகத்தில் உண்டா, கால் முழுக்கக் கறுப்பா, மஞ்சள் கலந்ததா என்றெல்லாம் கேட்கவேண்டும். ஐரோப்பாவில் இந்தப் பேரினத்தின் இனங்கள் ஏராளம், பலதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சிலவற்றை உறுதி செய்ய ஆண் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கவேண்டும். படத்தில் முகமே இல்லை. விஷயம் தெரிந்தவர் இங்கே ‘கைலோசியா, இனம் தெரியவில்லை’ என்று எழுதி நிறுத்திக்கொள்வார். அந்த நிறுத்தம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஸ்வீடன் எழுத்தாளர் ஃப்ரெட்ரிக் ஷோபெரி 2004இல் எழுதிய ‘ஈப்பொறி’ ஹோவர்ஃப்ளைகளைப் பற்றிய அழகான புத்தகம். ருன்மாரோ என்ற தீவில் ஈ பிடிக்கிறார், கூடவே பூச்சிப்பொறி ஒன்றைக் கண்டுபிடித்த ரெனே மலேஸின் வாழ்க்கையையும் துரத்துகிறார். எல்லை வகுத்துக்கொள்வதன் இன்பத்தை இவ்வளவு வேடிக்கையாகச் சொன்ன புத்தகத்தை நான் வேறு படித்ததில்லை. ஆனால் அந்த இன்பத்துக்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. ஈ அவர் கையில், ஊசியில், பெட்டியில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் திருப்பிப் பார்க்கலாம். படம் மட்டும் கையில் இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. ஷோபெரியின் எல்லை அவராக வகுத்துக்கொண்டது. நம் எல்லையை வகுத்தது கேமரா நின்ற கோணம்.

அப்படியானால் கொன்று ஊசியில் குத்துவதுதான் ஒரே வழியா? அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஊசி இழப்பதைப் படம் காப்பாற்றுகிறது. குதிரை ஈக்களின் கண்ணில் மின்னும் வண்ணப் பட்டைகள் செத்தபின் மங்கிவிடும், படத்தில் அப்படியே இருக்கும். எந்தப் பூ, எந்த நேரம், எப்படி உட்கார்ந்திருந்தது என்பதெல்லாம் படத்தோடு வருகிறது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று என மூன்று படம் எடுத்து, இடம், உயரம், தேதி மூன்றையும் குறித்தாலே பாதி வேலை முடிந்தது.

சரி, ஒரு ஈக்குப் பெயர் தப்பானால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆல்ப்ஸ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சுமார் 2 டிகிரி சூடாகியிருக்கிறது. குளிர் தேடும் உயிர்கள் மேலே ஏறுகின்றன. சிகரத்துக்கு மேல் ஏற இடமில்லை. உயரம் கூடக்கூடத் தேனீக்கள் குறைந்து, மகரந்தம் சுமக்கும் வேலை பெரும்பாலும் ஈக்களிடம் வந்துசேர்கிறது. எந்த ஈ எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தில் ஒவ்வொரு பெயரும் ஒரு புள்ளி. ஊகத்தில் வைத்த புள்ளி, கீழே வாழும் இனம் மேலே வந்துவிட்டதாகக் காட்டும். அல்லது அழிந்துபோன ஒன்றை இன்னும் இருப்பதாகக் காட்டும். ‘தெரியவில்லை’ என்ற குறிப்பு இந்த இரண்டு பொய்யையும் சொல்லாது.

நம் மதிப்புரைகளில் இந்தக் குறிப்பு அபூர்வம். கதையில் ஒருத்தி பறந்தால் மாய யதார்த்தம், அலுவலகத்தில் ஒருவன் தவித்தால் காஃப்கா. தேனீ மாதிரி ரோமம் இருந்தால் தேனீ என்பதுபோலத்தான் இதுவும். இறக்கையை எண்ணிப் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. ஒரு புதிய கதையை எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியாதபோது, தெரிந்தது எதுவரை என்று எழுதி அங்கேயே நிற்பவரைத்தான் நான் நம்புவேன். மீதியைக் கண்டுபிடிக்க அடுத்து வருகிறவருக்கு அவர் இடம் விட்டுவைத்திருக்கிறார்.