பை இல்லாவிட்டால் வெற்றியா?

மலக்குடலில் புற்றுநோய் என்றதும் நோயாளி கேட்கும் முதல் கேள்வி, “வயிற்றில் பை கட்ட வேண்டியிருக்குமா?” என்பதே. 1908இல் இங்கிலாந்தின் எர்னஸ்ட் மைல்ஸ் விளக்கிய அறுவையில் மலக்குடலும் ஆசனவாயும் சேர்த்தே அகற்றப்பட்டன. மலம் வெளியேற வயிற்றில் நிரந்தரமாக ஒரு வழி வைக்கப்பட்டது. இன்றோ, ஆசனவாயின் சுருக்குத்தசையை நோய் பற்றாதிருந்தால், கெட்ட பகுதியை நீக்கிவிட்டுக் குடலை மீண்டும் இணைத்துவிடுகிறார்கள். பெரிய முன்னேற்றந்தான். ஆனால், பை இல்லை என்பதாலேயே வெற்றி என்று கணக்கை முடித்துவிடலாமா?

முதல் இடர், இணைத்த இடம் கசிவது. இது உயிருக்கே உலை வைக்கலாம். 2007இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வில், தற்காலிகமாக வயிற்றில் வழி அமைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 10 பேருக்கும், அமைக்கப்படாதவர்களில் 28 பேருக்கும் கசிவு ஏற்பட்டது. ஆகவே சில மாதங்களுக்குப் பை கட்டுவது தோல்வியன்று, காப்பு.

அடுத்தது, பலர் வெளியே சொல்லாத தொல்லை. மலக்குடல் மலத்தைத் தேக்கிவைக்கும் பை போன்றது. அது போனபின் அடக்க முடியாத அவசரம், அடிக்கடி மலம் கழித்தல், கசிவு ஆகியவை வரலாம். கதிர்வீச்சுச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு இவை மிகுதி.

இதை அளக்க 2012இல் டென்மார்க்கில் ஐந்து கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தார்கள். மொத்தம் 42 மதிப்பெண். 30 அல்லது அதற்கு மேற்பட்டால் தொல்லை கடுமை. மறைந்து கிடந்த துன்பத்தை எண்ணாக்கிக் காட்டியது அதன் சிறப்பு. குறை எங்கே? அவசரத்துக்கு 16 மதிப்பெண் வரை தரும் அளவுகோல், நீர்மலக் கசிவுக்குத் தருவது 3தான்! டென்மார்க் நோயாளிகளின் அனுபவத்தைக் கொண்டு நிர்ணயித்த எடை இது.

திருவான்மியூரில் வாழும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். உடையில் சிறிது கறை பட்டாலும் மருந்தீசுவரர் சந்நிதிக்குள் கால் வைக்கக் கூசுவார். நெரிசலான பேருந்தில் ஏறத் தயங்குவார். அவருக்குக் கசிவு வெறும் 3 தானா? கேள்விகளைத் தமிழாக்கினால் மட்டும் போதாது. எந்தத் தொல்லை எவ்வளவு வாட்டுகிறது என்பதை நம்மவர்களிடமே கேட்டு எடை போட வேண்டும்.

அருகிலுள்ள அடையாறு புற்றுநோய் நிலையம் 1954இல் தொடங்கியது. 1982 முதல் சென்னையின் புற்றுநோயாளிகளை அதன் பதிவேடு கணக்கெடுத்து வருகிறது. எத்தனை பேருக்கு நோய், எத்தனை பேர் பிழைத்தனர் என்ற கணக்கு இன்றியமையாதது. பிழைத்தவர் எப்படி வாழ்கிறார் என்ற கணக்கும் அதற்குச் சமமானதே.

உங்கள் உறவினர் யாருக்கேனும் இவ்வறுவை நடக்கவிருந்தால், “பை வேண்டுமா?” என்பதோடு நிறுத்தாதீர்கள். “பிறகு மலத்தை அடக்க முடியுமா?” என்றும் கேளுங்கள். உணவு மாற்றம், இடுப்புத் தசைப் பயிற்சி, மருந்து எனப் பல உதவிகள் உண்டு. வாய் திறந்து சொன்னால்தான் அவை கிடைக்கும்.