மரபு யாருடையது? ஈழத்துக் கூத்து மீட்பு பற்றிய ஒரு மறுமதிப்பீடு

பண்பாட்டு மரபு என்பது முன்னோர் விட்டுச்சென்ற பொருட்களின் தொகுதி என்னும் கருத்து நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. மரபினைப் பொருளெனக் கொள்ளின் அதனைப் பேணுதலே நம் கடனாகும். வழக்காறெனக் கொள்ளின், அதனைப் பயில்வோர் யாவர், அதன்மீது உரிமையுடையோர் யாவர் என்னும் வினாக்கள் எழும். இவ்விரு நோக்குகளின் முரண்பாட்டினை ஈழத்துக் கூத்தின் அண்மைக்கால வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் தயாரித்தளித்த கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1968) ஆகியன இவ்வரலாற்றின் திருப்புமுனைகளாகும். எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' (1956), நாடகம என்னும் மரபுவழி ஆற்றுகையினின்றும் சிங்கள மக்களுக்கொரு தேசிய அரங்கினை உருவாக்கியிருந்த காலமது. படித்தோர் குழாம் இழிவாகக் கருதி ஒதுக்கிய கூத்தினைப் பல்கலைக்கழக மாணவர் ஆடியமை, அக்கலைக்குப் புதியதொரு சமூக மதிப்பினை ஈட்டித்தந்தது. இச்சாதனையைக் குறைத்து மதிப்பிடுதல் வரலாற்று நோக்காகாது.

ஆயின், அம்மதிப்பு எவ்விலையிற் பெறப்பட்டது என்பதும் சிந்திக்கற்பாலது. விடியவிடிய ஆடப்பட்ட கூத்து ஓரிரு மணிநேர அளிக்கையாகச் சுருங்கிற்று. வட்டக்களரியில் நாற்புறமும் அவையோர் சூழ நிகழ்ந்த ஆட்டம், ஒருபுறம் மட்டுமே நோக்கும் படச்சட்ட மேடைக்கு ஏறிற்று. இவ்வாறு நீக்கப்பட்டவை வெறும் மிகைகளல்ல. சட்டங்கொடுத்தல் முதல் அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் நீளும் பயிற்சி, அண்ணாவியாருக்கும் ஊரவர்க்குமிடையிலான உறவு, பார்வையாளரும் பங்காளராகும் நிலை ஆகிய சமூக உறவுகளே கூத்தின் உயிர்நிலையாகும். மேடைக்கு வந்தது கலைவடிவம். ஊரிலேயே நின்றுவிட்டது கலைவாழ்வு.

இதனைக் கொண்டு கிராமத்துக் கூத்தினை மாசற்ற மரபெனப் போற்றுதலும் பொருந்தாது. அக்களரி நிலவுடைமைச் சமுதாயத்தின் களரியே. சாதி ஏற்றத்தாழ்வு அதனுள்ளும் நிலவியது. பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடினர். மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் (1968) நிகழ்ந்த சூழலில் எழுந்த 'கந்தன் கருணை'யும், சி. மௌனகுருவின் 'சங்காரம்' நாடகமும் கூத்து மரபினை ஒடுக்குமுறைக்கெதிரான ஆயுதமாக்கின. பழைய வடிவம் புதிய உள்ளடக்கத்தைத் தாங்கவல்லது என்பதை அவை மெய்ப்பித்தன.

2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முதலியோர் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் வேறொரு படிநிலையைச் சுட்டுகின்றது. அங்கே மாற்றம் வெளியிலிருந்து புகுத்தப்படவில்லை. ஆடுவோரும் ஊரவரும் கூடி விவாதித்து, சாதி, பால் தொடர்பான கருத்துக்களை மறுபரிசீலனை செய்தனர். மரபின் உரிமையாளரே அதன் விமரிசகராயினர்.

ஆவணப்படுத்தல் தேவையற்றதென்பது இதன் பொருளன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, மீளப்பெறவியலா ஏடுகள் அழிந்தன. அவ்விழப்பினை எந்தப் பயில்வும் ஈடுசெய்யாது. ஆயினும், ஏடுகளைக் காக்கும் சமுதாயம் ஆடுவோரின் வாழ்வினை மறப்பின், எஞ்சுவது அருங்காட்சியகமே. போரினால் இடம்பெயர்ந்து சிதறிய ஊர்களிற் கூத்து மீண்டும் ஆடப்படும்போது, ஓர் ஊர் தன்னை ஊராக மீள அமைத்துக்கொள்கிறது. மரபினை விளங்கிக்கொள்வதன் இன்றியமையாமை இதிலேயே தங்கியுள்ளது. பழமையின் பெருமை பேசுவதற்கன்று, யாவரும் சமமாக நின்று ஆடக்கூடிய களரியொன்றை அமைப்பதற்கே மரபு நமக்கு வேண்டும்.