நகையும் அச்சமும்: ஒரு சப்பானியத் திரைப்படமும் கண்டோர் கருத்துகளும்

பேயைக் கண்டு அஞ்சி ஓடிவரும் ஒருவனை, அப்பேயைக் காணாத மற்றொருவன் பார்க்கின்றான். பார்த்தவன் உள்ளத்து எழும் சுவை யாது? தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரைகண்ட பேராசிரியர், அவனுக்கு நகையோ இரக்கமோ பிறக்குமேயன்றி அச்சம் பிறவாது என்னும் கருத்துப்பட எழுதிச் செல்கின்றார். இளம்பூரணரோ, செய்வோனுக்கு உற்றது காண்போனுக்கும் எய்துதலே மெய்ப்பாடு என்னும் செயிற்றியக் கொள்கையை எடுத்துக்காட்டுவர். இவ்விரண்டும் எங்கு ஒன்றும், எங்கு விலகும் என்பதனை ஆராய விழைவார்க்கு, அச்சமும் நகையும் விரவிய திரைப்பட வகை நல்லதொரு களமாகும். அவ்வகையுள் ஒன்றனையும், அதனைக் கண்டோர் கூறும் கருத்துகளையும் ஈண்டு ஆராய்வாம்.

யாம் எடுத்துக்கொண்டது, 2017-இல் சப்பான் நாட்டில் உருவான ‘கமேரா ஓ தொமெருனா’ என்னும் படம். ‘படக்கருவியை நிறுத்தாதே’ என்பது அப்பெயரின் பொருள். பிற நாடுகளில் ‘ஒன் கட் ஆஃப் தி டெட்’ என வழங்கும். இயக்கியவர் சினிச்சிரோ உயேதா. தோக்கியோவிலுள்ள பயிற்சிப் பள்ளியொன்றின் பயிலரங்கின் பயனாக, பெயர் பரவாத நடிகர்களைக் கொண்டு, ஏறத்தாழ 30 இலட்சம் யென் செலவில் இஃது எடுக்கப்பட்டது. 2018 சூன் திங்களில் தோக்கியோவில் இரண்டே அரங்குகளில் வெளிவந்தது. கண்டோர் வாய்மொழியே விளம்பரமாகப் பரவி, 300 கோடி யென்னுக்கு மேல் ஈட்டியது.

படம் முக்கூறாக அமைந்தது. முதற்கூறு 37 நிமிடம் இடையறாது ஓடும் ஒரே காட்சி. கைவிடப்பட்ட நீர் வடிகட்டு நிலையத்தில் நடைப்பிணப் படம் எடுக்க வந்த குழுவினரை மெய்யான நடைப்பிணங்கள் தாக்குகின்றன. வெறிகொண்ட இயக்குநரோ படப்பிடிப்பை நிறுத்த மறுக்கின்றான். இரண்டாங்கூறு ஒரு திங்கள் பின்னோக்கிச் சென்று, அப்படத்தை நேரடி ஒளிபரப்பாக ஒரே காட்சியில் எடுக்கும் பணி, இகுராசி என்னும் எளிய இயக்குநரிடம் வந்த வரலாற்றைச் சொல்லும். விரைவு, மலிவு, ஓரளவு தரம் என்பதே அவர் தம் தொழிலுக்குக் கூறிக்கொள்ளும் இலக்கணம். மூன்றாங்கூறு, நாம் முன்னர்க் கண்ட 37 நிமிடத்தைப் படக்கருவிக்குப் பின்னிருந்து காட்டும்.

கண்டோர் கருத்துகள் பெரிதும் முதற்கூற்றைச் சுற்றியே எழுந்தன. உரையாடல் இடையில் தொய்கிறது. நடிகர் காரணமின்றி நின்று விழிக்கின்றனர். ஒருவன் பொருத்தமின்றி வெளியே ஓடுகின்றான். கருவி தரையில் வீழ்ந்து கிடக்கிறது. பெண்ணொருத்தியின் அலறல் அளவின்றி நீள்கிறது. இவற்றைக் கண்டு அரங்கைவிட்டு எழ நினைத்தோம் என்பார் ஒரு சாரார். இத்துணைச் சிறு பொருளில் இதற்குமேல் எதிர்பார்க்கலாகாது எனப் பொறுத்துக்கொள்வார் மற்றொரு சாரார். முழுதும் கண்டபின் முதற்கூறே சுவையுடைத்து என மாறிக் கூறுவார் மூன்றாவது சாரார். ஒருவரே இம்மூன்று கருத்தினையும் ஒரே மாலையில் கொண்டிருத்தலும் கூடும்.

இவற்றுள் பொறுத்துக்கொள்வார் கருத்தே எமக்குப் பெரிதும் இடர் தருவது. அது பரிவுபோல் தோன்றினும், படத்தைப் படமாக நோக்காது அதன் கணக்கேட்டை நோக்குகின்றது. முதற்கூற்றில் குறையெனத் தோன்றுவன பெரும்பாலும் செலவின்மையால் நேர்ந்தவை அல்ல. மூன்றாங்கூற்றிற்காக முன்கூட்டியே அமைத்த வித்துகள். வெளியே ஓடியவன் வயிற்றுப்போக்கால் துன்புற்றவன். கருவி வீழ்ந்தது, அதனை ஏந்தியவன் முதுகு பிடித்துக் கீழே சாய்ந்தமையால். தொய்ந்த உரையாடல், அடுத்து வரவேண்டியவன் குடித்து மயங்கிக் கிடந்தமையால் நடிகர் காலம் கடத்தியது. இவையனைத்தும் வரைந்து, பயின்று, எடுக்கப்பட்டவை. செல்வமின்மையைக் கருதி இவற்றை மன்னிப்போர், ஆசிரியன் செய்த அரிய செயலை அவன் கையிலிருந்து பறித்து வறுமைக்கு அளித்துவிடுகின்றனர்.

நன்னூலார் கூறும் பொருள்கோள் எட்டனுள் அளைமறிபாப்பு என்பது ஒன்று. புற்றினுள் தலைவைத்து மடங்கும் பாம்புபோல, செய்யுளின் இறுதிமொழி இடையினும் முதலினும் சென்று பொருள் கொள்ளப்படும். அத்தகைய செய்யுளை முதலடியோடு நிறுத்திவிட்டுப் பொருளில்லை என்பாரை யாரும் ஏற்கார். இப்படத்தின் யாப்பும் அத்தகையதே. ஆதலின் இதனைப் பற்றிய கருத்தொன்றை எடுத்தாளும் ஆய்வு மாணவர், அது படத்தின் எவ்விடத்தில் நின்று கூறப்பட்டது என்பதனை முதற்கண் வினவுதல் வேண்டும். இதில் வேறோர் இடர்ப்பாடும் உண்டு. படத்தின் மறையை வெளியிடலாகாது என்று கண்டோர் தமக்குள் ஒரு கட்டுப்பாடு மேற்கொண்டனர். அதனால் எழுத்தில் கிடைக்கும் கருத்துகள் பல, ‘வினவாது சென்று காண்க’ என்னும் அளவில் நின்றுவிடுகின்றன. பரப்புவார்க்கு அது பயன்பட்டது. ஆராய்வார்க்கு எஞ்சியது சிறிதே.

இனிச் சுவைக்கு வருவாம். முதற்கூற்றில் அச்சம் பிறக்கின்றதா? நடைப்பிணத்தை நாமும் காண்கின்றோம், ஆயினும் அஞ்சுகின்றிலம். எழுவதெல்லாம் எள்ளல் பற்றிய நகை. மூன்றாங்கூற்றிலோ நடைப்பிணம் வேடமென்பது வெளிப்படை. ஆண்டுள்ளோர் அஞ்சுவது ஒளிபரப்பு அறுந்துவிடுமோ என்பதற்கே. அவ்வச்சம் அவர்க்கு முழு மெய்யானது. அதனை வேறு நின்று காணும் நமக்கு நகை பிறக்கின்றது. உடன் இரக்கமும் பிறக்கின்றது. பேராசிரியர் கூறியது ஈண்டு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகின்றது என்க.

ஆனால் படம் அவ்வளவில் நில்லாது. இறுதிக் காட்சியை உயரத்திலிருந்து எடுத்தற்குரிய பொறி பழுதுபடுகின்றது. அதுகாறும் தத்தம் குறையால் இடர் விளைத்தோர் ஒருவர் மேலொருவராக ஏறி மனிதக் கோபுரம் எழுப்புகின்றனர். அதன் உச்சியில் கருவியைத் தாங்குகின்றாள் இகுராசியின் மகள். ஒவ்வொருவர் உடலும் நடுங்குகின்றது. இதனைக் காண்போர் சிரித்துக்கொண்டே கண்ணீர் விட்டனர் என்பது பலர் கூற்று. இந்நகை எள்ளலுள் அடங்காது. தறுகண் பற்றிய பெருமிதத்தோடு கலந்து நிற்கின்றது. அவர்க்கு உற்ற நடுக்கமும் தாழ்வின்மையும் நமக்கும் எய்துகின்றன. செயிற்றியக் கொள்கை பொருந்துமிடம் இதுவே. ஒரே படத்துள், கால் மணிப் பொழுதிற்குள், இரு கொள்கைகளும் தத்தம் இடம் பெறுகின்றன.

இரண்டாங்கூறு சற்றே நீண்டது. இல்லறக் காட்சிகள் சில இன்றியும் கதை நடந்திருக்கும். ஆயினும் தந்தைக்கும் மகளுக்கும் இடையேயுள்ள பிணக்கை அது சொல்லாதிருப்பின், கோபுரம் வெறும் வித்தையாகவே முடிந்திருக்கும்.

ஆசிரியர் காண்போருள் ஒருவரைப் படத்தினுள்ளேயே வைத்துள்ளமையும் நோக்கத்தக்கது. ஒளிபரப்பை ஏற்பாடு செய்த பெண்மணி திரையெதிரே அமர்ந்திருக்கின்றார். அவர் கண்களோ கையிலுள்ள தொலைபேசியில். இறுதியில் எல்லாம் இனிது முடிந்ததென மகிழ்கின்றார். அரங்கை விட்டு எழ நினைத்தவரைவிடப் புகழ்ந்த இவரே குறைவாகக் கண்டவர்.

பிரெஞ்சு இயக்குநர் மிசேல் அசானவீசியுசு இக்கதையை ‘கூப்பே’ என்னும் பெயரால் மீண்டும் எடுத்தார். அது 2022-இல் கான் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாயிற்று. அவர் ‘தி ஆர்ட்டிஸ்ட்’ படத்தால் உலகறிந்தவர், நடித்தோரும் பெயர்பெற்றோர். அங்கும் கருவி வீழ்கின்றது, உரையாடல் தொய்கின்றது, ஒருவன் பொருத்தமின்றி ஓடுகின்றான். வறுமையைக் காட்டி அவற்றை மன்னிக்க அப்படத்தைக் கண்டோர்க்கு வழியில்லை. அவர்தம் கருத்துகளைச் சப்பானியர் கருத்துகளோடு வைத்து ஒப்பிடும் ஆய்வினை எம் மாணவருள் எவரேனும் மேற்கொள்வராயின், முதற்கூற்றின் 37 நிமிடத்தைப் பற்றி இருசாராரும் கூறுவனவற்றிலிருந்தே தொடங்கலாம்.