உடன்கற்றார் கையில் துலாக்கோல்

தேர்வு என்றவுடன், ஆசிரியர் அளப்பவர், மாணாக்கர் அளக்கப்படுபவர் என்னும் எண்ணமே நம் உள்ளத்தில் எழுகின்றது. தலைமுறை தலைமுறையாக நிலைபெற்ற இவ்வெண்ணத்துக்கு மாறாக, குழுவாகச் சேர்ந்து ஆய்வுப் பணி செய்யும் மாணாக்கர் தாமே ஒருவரையொருவர் மதிப்பிட்டுப் புள்ளி வழங்கும் முறை இன்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்களின் விஞ்ஞானப் பாடங்களிற் பயின்று வருகின்றது. சகபாடி மதிப்பீடு எனப்படும் இம்முறை ஏற்புடையதா? ஏற்புடையதாயின் அதன் எல்லை யாது? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வாம்.

கொழும்பில் 1942ஆம் ஆண்டு தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952ஆம் ஆண்டிற் பேராதனைக்குப் பெயர்ந்தது. அங்கு விஞ்ஞானக் கல்வி 1961ஆம் ஆண்டிற் தொடங்கியது. ஹந்தானை மலைச்சாரலில், மாணாக்கர் விடுதிகளில் உடனுறைந்து கற்றல் வேண்டும் என்னும் நோக்குடன் அமைந்த கழகம் அது. நம் கல்லூரி மாணவர் பலர் நாளை செல்ல விரும்பும் அத்தகைய சூழலை மனத்திற் கொண்டு, ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம்.

நால்வர் கொண்ட குழு ஒன்று கண்டி வாவியின் நீர்த்தன்மையை ஆராயப் புகுகின்றது. ஒருவர் வைகறையிற் சென்று நீர் மாதிரிகளை எடுத்து வருகின்றார். இன்னொருவர் ஆய்கூடத்தில் நின்று, கரைந்துள்ள ஒட்சிசனின் அளவை நியமிப்பு முறையாற் காண்கின்றார். மூன்றாமவர் கணக்கிட்டு வரைபுகளை ஆக்குகின்றார். நான்காமவரோ அறிக்கையின் முகப்பிற் தம் பெயரை மட்டும் எழுதுகின்றார். அறிக்கை செவ்விதாக அமைந்தமையால் நால்வர்க்கும் 60 புள்ளி கிடைக்கின்றது. இது நீதியாகுமா?

இக்குறை மனித இயல்பில் வேரூன்றியதாகும். பிரான்சு நாட்டு வேளாண்மைப் பொறியியலாளர் ரிங்கெல்மன், பலர் கூடிக் கயிறு இழுக்குங்கால் ஒவ்வொருவரும் தனித்து இழுக்கும் அளவு இழுப்பதில்லை எனக் கண்டு, அதனை 1913ஆம் ஆண்டில் வெளியிட்டார். லட்டானே முதலிய அமெரிக்க உளவியலாளர் 1979ஆம் ஆண்டிற் கைதட்டல், கூச்சலிடல் என்பவற்றைக் கொண்டு அதனை மீண்டும் சோதித்தனர். தாம் ஒரு கூட்டத்துடன் சேர்ந்து ஒலியெழுப்புவதாக நம்பிய மாத்திரத்தே மாந்தர் தம் முயற்சியைக் குறைத்தனர். ஆனால் ஒவ்வொருவர் எழுப்பும் ஒலியும் தனித்து அறியப்படும் என்று உணர்த்தியபோது அச்சோர்வு நீங்கியதென 1981ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. ஆகவே குழுப்பணியில் வேண்டப்படுவது, ஒவ்வொருவர் உழைப்பையும் காணும் கண்ணாகும். அக்கண் யாருடையது? அறிக்கையை ஆசிரியர் காண்கின்றார். வைகறையில் வாவிக்கரையில் நின்றவர் யாவர் என்பதை அவர் காண்பதில்லை. அதனைக் கண்டவர் உடன் நின்றவரே.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் யாத்த நன்னூல், ஆசிரியர் உரைத்ததை நன்கு உளங்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது புலமையிற் காற்கூறே என்கின்றது. உடன்கற்பாரோடு பயிலுதலால் இன்னுமொரு காற்கூறும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைக்கூறும் வாய்க்கும் என்பது அதன் துணிபு. மேலும், ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் உரைக்கத் தக்காரை எண்ணுமிடத்து, ஆசிரியன், மாணாக்கன், உரைகாரன் என்போருடன் ஒருங்கு கற்றோனையும் அது சேர்த்துரைக்கின்றது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் தொல்காப்பியருடன் கற்றவர் என்பது உரைமரபு. தன்னைத் தான் புகழ்தல் தகாது என விலக்கிய அந்நூல், உடன்கற்றோன் சான்றை ஏற்றது நோக்கத்தக்கது.

ஆயினும் பாயிரம் வேறு, புள்ளி வேறு. பாயிரம் பாடுவோன் நண்பனின் சிறப்பை எடுத்துரைக்கின்றான். அதனால் எவர்க்கும் இழப்பில்லை. புள்ளியிடுவோனோ நண்பனின் பட்டத்தரத்தையே தாழ்த்தவுங் கூடும். பண்டை வழக்கைக் காட்டி இன்றைய முறையை முழுதும் நிறுவ முயலுதல் பொருந்தாது.

மாணாக்கருக்கு அளக்கும் அறிவு உண்டா என ஐயுறுவார்க்கு ஒரு விடை உண்டு. பால்சிகோவ், கோல்ட்பிஞ்சு என்னும் இருவர் 48 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், மாணாக்கர் இட்ட புள்ளிக்கும் ஆசிரியர் இட்ட புள்ளிக்கும் இடையிலான இணைபுக் குணகம் சராசரியாக 0.69 எனக் கண்டனர். முற்றிலும் ஒத்திருப்பின் அது 1 ஆகும். அளவுகோல் இன்னதென மாணாக்கர் நன்கு விளங்கிக்கொண்ட இடத்தில் ஒப்புமை மிகுந்தது. ஆகவே அறிவின்மை இம்முறையின் பெருங் குறையன்று.

பெருங் குறை நட்பும் பகையுமாகும். பல்கலைக்கழகம் புகும் மாணவர் உயர்தரப் பரீட்சையில் இசட் புள்ளியின் பின்னத்துக்காகப் போட்டியிட்டு வந்தவர்கள். வந்தபின் ஒரே விடுதியில், ஒரே மேசையில் உண்பவர்கள். போட்டி குறைத்து எழுதத் தூண்டும். நட்பு எல்லார்க்கும் ஒன்றாக எழுதத் தூண்டும். ஒன்றாக எழுதப்பட்ட மதிப்பீடு எதனையும் அளப்பதில்லை. குறைத்து எழுதப்பட்டதோ கேடு விளைக்கும்.

அக்கேட்டின் அளவைக் கணக்கிட்டே காணலாம். ஒருவர் பெற்ற சராசரியைக் குழுவின் சராசரியால் வகுத்து, அதனாற் குழுப் புள்ளியைப் பெருக்குவது பல இடங்களில் வழங்கும் முறை. 5க்கு இடப்படும் மதிப்பில், மற்ற மூவரும் ஒருவருக்கு 4, 4, 1 என இட்டனர் எனவும், குழுவின் சராசரி 4 எனவும் கொள்வோம். அவர் சராசரி 3. ஆகவே குழு பெற்ற 60 அவருக்கு 45 ஆகின்றது. ஒன்றிட்டவரும் 4 இட்டிருப்பின் குழுவின் சராசரி 4.25 ஆக உயர்ந்து, அவர் ஏறத்தாழ 56 பெற்றிருப்பார். ஒரு மனத்தின் கசப்பு 11 புள்ளியைக் கவர்ந்து கொண்டது! சராசரிக்கு மாற்றாக இடையத்தைக் கொண்டிருப்பின், அவர் மதிப்பு 4 ஆகவே நின்றிருக்கும்.

எனவே இம்முறையைத் தள்ளுதலும் தகாது; கொண்டவாறே கொள்ளுதலும் தகாது. ஆய்வின் தரத்தை ஆசிரியரே அளக்கட்டும். உடன்கற்றாரிடம் அவர் கண்ணாற் கண்டதையே கேட்க வேண்டும்: குறித்த வேளைக்கு வந்தாரா, ஏற்ற பணியை முடித்தாரா, பிறர் இடர்ப்பட்டபோது துணைநின்றாரா? இட்ட ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வரி காரணம் எழுதப்படல் வேண்டும். காரணமற்ற எண் செல்லாது. பணி பாதி நடக்கும்போதே ஒருமுறை புள்ளியின்றி மதிப்பிடச் செய்தால், சோர்ந்தவர் திருந்தவும் வழி பிறக்கும். தாழ்த்தப்பட்டவர் ஆசிரியரிடம் முறையிட வாயிலும் இருத்தல் வேண்டும்.

நடுவுநிலைமையைச் சொல்லப் புகுந்த வள்ளுவர் துலாக்கோலை உவமையாக்கினார். அக்கோலை ஒருநாளும் கையிற் பிடித்தறியாத மாணவன், பட்டம் பெற்று மருந்தையும் மண்ணையும் நீரையும் ஆராய்ந்து சான்றிதழில் ஒப்பமிடும் நாளில், அதனை நடுங்காது பிடிப்பான் என எதிர்பார்ப்பது எங்ஙனம்? நண்பனை எதிரே வைத்துக்கொண்டு, அவன் செய்ததைச் செய்ததாகவும் செய்யாததைச் செய்யாததாகவும் எழுதக் கற்றவனுக்கு அப்பயிற்சி முன்னரே வாய்த்துவிடுகின்றது. நம் கல்லூரிகளின் ஆய்கூடங்களிலேயே, புள்ளியின்றியேனும், அதனைத் தொடங்குதல் ஆசிரியர் கடனாம்.