பாட்டும் பாடும்

நாட்டுப்பாடலைக் கவிதையாக வாசிக்கும் பழக்கம் நம் வட்டத்தில் நிலைத்துவிட்டது. 1958இல் கி.வா.ஜ. பதிப்பித்த ‘மலையருவி’யும் 1964இல் நா. வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப்பாடல்க’ளும் இல்லாவிட்டால் நமக்கு இந்த அளவு பரிச்சயமும் கிடைத்திராது. அந்தக் கடனை மறுப்பதற்கில்லை. ஆனால் அச்சான ஒரு தொழிற்பாட்டை எடுத்துக்கொண்டு, இங்கே உவமை, இங்கே படிமம் என்று சிலாகிக்கும்போது உண்மையில் எதைச் சிலாகிக்கிறோம்? வேலை கழிந்தபின் மிச்சப்பட்ட சொற்களைத்தான் என்று எனக்குப் படுகிறது.

கடலூர்க் கரையில் கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டை எடுத்துக்கொள்வோம். கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிறுகளையும் இரண்டு வரிசை ஆட்கள் கரையில் நின்று இழுக்கிறார்கள். ஒருவன் அடி எடுத்துக் கொடுக்கிறான்; மற்றவர்கள் ஏலேலோ என்றோ ஐலசா என்றோ வாங்கிக்கொள்கிறார்கள். அகராதிக்காரனுக்கு இவை அர்த்தமில்லாத ஒலிகள். ஆனால் எல்லோருடைய பலமும் ஒரே கணத்தில் கயிற்றின்மேல் விழுவது அந்த ஒலியில்தான். முன்பாட்டுக்காரன் சொல்லும் அடி, அது சாமி பேராக இருந்தாலும் வலை முதலாளியைப் பற்றிய கேலியாக இருந்தாலும், அடுத்த இழுப்புக்கு மூச்சு வாங்கும் அவகாசம். வலை கனத்தால் அடி குறுகும், இலேசானால் நீளும். உருவம், உள்ளடக்கம் என்று நாம் பல வருஷங்கள் சண்டை போட்டிருக்கிறோம். இங்கே உருவத்தைத் தீர்மானிப்பது பாடுகிறவனின் ருசியோ யாப்போ அல்ல. கயிற்றின் மறுமுனையில் இருக்கும் பளு.

பல வருஷங்களுக்கு முன் தேவனாம்பட்டினத்தில் நோட்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். “சும்மா நின்னா பாட்டு எப்படித் தம்பி வரும்? கவுத்தப் புடி” என்றார் ஒரு பெரியவர். நான் பிடிக்கவில்லை, எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பக்கங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் ஒரு வரியைக்கூட என்னால் பாட முடியாது. பிரசுரிக்கவும் மனம் வரவில்லை.

மீனவர் பேச்சில், வலையில் பட்டதற்கு மீன்பாடு என்று பெயர். மனிதன் படுவதற்கும் அதே சொல்தான். நைலான் வலையும் விசைப்படகும் படகில் பொருத்தும் எஞ்சினும் வந்தபின், பலர் சேர்ந்து ஒரே மூச்சில் படவேண்டிய பாடு குறைந்தது, பாட்டும் குறைந்தது. இதற்காக எஞ்சினைத் திட்டுவது, நோவாத உடம்பின் ரசனை. 2004 டிசம்பர் 26க்குப் பின், கிள்ளைக்கு எதிரே இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற தீவுக் குடியிருப்பே இல்லாமல் போயிற்று. அதன் பெயரும் யோசிக்கத் தக்கது. வாலி எழுதி விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையமைத்த ‘படகோட்டி’ப் பாட்டுகள் 1964இல் வந்தவை. கரையோரத்துக் கல்யாண ஒலிபெருக்கிகளில் நான் கேட்டது இவற்றைத்தான். இதைச் சீரழிவு என்று சொல்லிவிட நான் அவசரப்படமாட்டேன். ஒரு வித்தியாசத்தை மட்டும் குறிக்கலாம். அம்பாவுக்குக் கேட்பவன் என்று தனியாக ஒருவன் கிடையாது; சினிமாப் பாட்டுக்குக் கேட்பவன் மட்டுமே உண்டு.

ஊடகம் மாறுவதாலேயே பாட்டு செத்துப்போவதில்லை என்பதற்கு ஜப்பானின் தென்கோடித் தீவுகளைப் பார்க்கலாம். யாயெயாமாத் தீவுகளில் ‘யூன்தா’ என்பது, வேலை செய்யும்போது ஆணும் பெண்ணும் வாத்தியமில்லாமல் மாறிமாறிப் பாடுவது. நம் அம்பாவுக்குத் தூரத்து உறவு. தாகேதோமித் தீவின் ‘ஆசாதோயா யூன்தா’, ஆசை காட்டி வந்த அதிகாரி ஒருவனை வேண்டாமென்று மறுத்த குயாமா என்ற பெண்ணைப் பற்றியது. 1903 வரை தலைவரி கட்டிய மக்கள் இதை வயலில் பாடினார்கள் என்பதை நினைத்தால் அந்த மறுப்பின் கனம் தெரியும். 1934இல் இசைத்தட்டுக்காகப் பொது ஜப்பானிய மொழியில் வேறு சொற்கள் எழுதப்பட்டன. பாட்டு நாடெங்கும் பரவியது; அதிகாரியும் மறுப்பும் போய் இனிமையான காதல் பாட்டு நின்றது. மாற்றியவர்களும் அத்தீவுக்காரர்களே. ஒக்கினாவா மக்கள், 1945 போருக்குப் பின் அகதி முகாம்களில், தங்கள் மூன்று தந்தி வாத்தியமான சான்ஷினைக் காலித் தகர டப்பாவில் செய்து வாசித்தார்கள். பாம்புத் தோல் போய்த் தகரம் வந்ததில் பாட்டுக்கு நஷ்டமில்லை. குயாமாவின் மறுப்பு போனதில்தான் நஷ்டம்.

இதற்கு எதிர்த்திசையில் போன காரியம் சிதம்பரத்தைச் சுற்றி நடந்திருக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில் வரும் வேதியர் பெரியபுராணத்தில் இல்லை. பண்ணையாளுக்கும் தில்லைக்கும் நடுவில் ஒரு நிலக்காரரை நிறுத்தியது பாரதி. நொண்டிச் சிந்தையும் கும்மியையும் எடுத்தாண்டதைவிட இது பெரிய காரியம். பிழைகள் மலிந்த நூல் என்று சிறப்புப்பாயிரம் தரத் தயங்கிய மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பாரதி பாடக் கேட்டு மனமிளகித் தந்தார் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார். ஏட்டில் பிழையாகத் தெரிந்தது காதில் வேறாக இருந்தது. ஆனால் பாரதிக்கும் ஓர் எல்லை உண்டு. நாற்பது வேலியையும் ஓர் இரவில் பூதகணங்கள் விளைவித்துவிடுகின்றன. பாட்டு பாட்டை அறிந்திருந்தும், கடைசியில் அதை நந்தன் தலையிலிருந்து அற்புதம் இறக்கிவிடுகிறது. அம்பாவில் வலையைக் கரை சேர்க்க எந்தப் பூதமும் வருவதில்லை.

1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியபோது எழுந்த கேள்வி, மேடையில் எந்த மொழி என்பது. நியாயமான கேள்விதான். மேடையே இல்லாத பாட்டை என்ன செய்வது என்பது வேறு கேள்வி. அதற்கும் தில்லையிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. தேவார ஏடுகளைக் கரையான் தின்றபின் எஞ்சியவற்றுக்குப் பண் தெரியவில்லை என்றும், எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணை வரவழைத்துப் பண் வகுத்தார்கள் என்றும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. ராஜாவின் பெயரும் நம்பியின் பெயரும் நிலைத்தன. அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை.

புதுக்கவிதையில் ஓர் ஏலேலோவைச் செருகி மண்வாசனை சேர்க்கும் நண்பர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஒலி அலங்காரமல்ல; உங்கள் வரியில் இழுபட வேண்டிய பளு இருந்தால் ஒழிய அதற்கு அங்கே வேலை இல்லை. தொகுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சொற்களோடு, எந்த வலை, எத்தனை பேர், மூச்சு எங்கே விழுந்தது என்பதையும் குறித்துவையுங்கள். முடிந்தால் கொஞ்ச நேரம் கயிற்றையும் பிடியுங்கள். பாடியவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் பெயரையும் எழுதுங்கள். அந்தப் பெரியவரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.